உள்ளூர்த் தொழில்களைத் தாங்கி நியாயமான ஊர்ப் பொருளாதாரம் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கடையில் நாம் கொடுக்கும் பணம் கல்லாவோடு நின்றுவிடுவதில்லை. அதிலிருந்துதான் கடைக்காரர் கூலி கொடுக்கிறார், வாடகை கட்டுகிறார், சரக்கு எடுக்கிறார், கடனை அடைக்கிறார், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இந்த ஐந்து வழிகளில் எவையெல்லாம் ஊருக்குள் திரும்புகின்றன, எவையெல்லாம் வெளியே போகின்றன என்பதைப் பொறுத்தே அந்தத் தொழிலால் ஊருக்குக் கிடைக்கும் பலன் அமையும். "உள்ளூரில் வாங்குங்கள்" என்று பதாகை கட்டினால் முதல் கைமாற்றம் மட்டுமே மாறும். இரண்டாவது, மூன்றாவது கைமாற்றங்களைக் கவனிக்காத முயற்சிகள் ஒரு விழாக்காலத்தைத் தாண்டி நிற்பதில்லை.

குடியிருப்போர் குழு, வணிகர் சங்கம், உள்ளாட்சி உறுப்பினர், ஒரு கல்லூரியின் அல்லது மருத்துவமனையின் கொள்முதல் அலுவலர் என யார் வேண்டுமானாலும் இந்த வேலையைத் தொடங்கலாம். ஆறேழு பேரும் ஓர் ஆண்டுப் பொறுமையும் வேண்டும். முதல் இரண்டு படிகளைத் தாவிவிட்டு நேரே விளம்பரத்துக்குப் போகாதீர்கள். அப்படிப் போன குழுக்கள் பிறகு எதை அளப்பது, எதை நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறுகின்றன. கீழே வரும் கணக்குகளில் எந்த நாணயத்தையும் போட்டுக்கொள்ளலாம். அந்த எண்கள் கணக்குப்போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே.

படி 1: யாரைத் தாங்கப் போகிறோம்?

பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு தொழிலிடமும் ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதில்களுக்கு மதிப்பெண் போடுங்கள்.

1. உரிமையில் பாதிக்கு மேல் இங்கே வாழ்பவர்களிடம் இருக்கிறதா?
2. எங்கே சரக்கு எடுப்பது, என்ன விலை வைப்பது என்ற முடிவுகள் யார் கையில் இருக்கின்றன?
3. லாபம் எங்கே போகிறது?
4. பெயருக்கும் முத்திரைக்கும் ஆண்டுதோறும் வெளியே கட்டும் தொகை ஏதும் உண்டா?
5. வேலை செய்பவர்களின் கூலி, நேரம், விடுப்பு ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா, சட்டப்படியான கூலி கிடைக்கிறதா?

ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் ஃப்ரான்சைஸ் கடைகள்தான் இங்கே குழப்பும். நடத்துபவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். சரக்குப் பட்டியலும் விலையும் தலைமையகத்திலிருந்து வரும். இப்படிப்பட்டவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை, ஆனால் பாதி மதிப்பெண் கொடுங்கள். ஐந்தாவது கேள்வியைக் கேட்கப் பல குழுக்கள் தயங்கும், உரிமையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று. அதை விட்டுவிடாதீர்கள். குறைந்த கூலியில் ஓடும் ஒரு கடைக்கு ஊர்மக்களை அனுப்பினால், அந்தக் கடையின் லாபத்துக்கான விலையை அங்கே வேலை செய்பவர்கள் தலையில் கட்டுகிறோம். முதல் நாளிலேயே ஆவணம் கேட்டு மிரட்டவும் வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் எழுத்தில் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 2: பணம் எங்கே கசிகிறது என்று கண்டறிதல்

நாற்பது வீடுகள் போதும். வசதியானவை, நடுத்தரம், வருமானம் குறைந்தவை எனக் கலந்து எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், எங்கே வாங்கினோம், ஏன் அங்கே வாங்கினோம். நான்காவது பத்திதான் உங்களுக்கு அதிகம் சொல்லும். விலை குறைவு, நேரம் ஒத்துவரவில்லை, இங்கே கிடைக்கவில்லை, தரம் சரியில்லை, திருப்பிக் கொடுத்தால் வாங்குவதில்லை, வெறும் பழக்கம் என்று காரணங்கள் பிரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வேலை முடிந்து வருபவர்கள் திரும்பும் நேரத்தில் கடை மூடியிருக்கிறது என்றால், திறக்கும் நேரத்தை மாற்றினாலே சரியாகிவிடும். வாங்கியதைத் திருப்பி எடுப்பதில்லை என்பதே குறையானால், ஏழு நாளுக்குள் பில்லோடு வந்தால் மாற்றித் தருவோம் என்று எல்லாக் கடைகளும் சேர்ந்து ஒரு விதி வைத்தால் போதும்.

எல்லாச் செலவையும் ஊருக்குள் திருப்ப முடியாது, முயலவும் வேண்டாம். எரிபொருள், கைபேசி, காப்பீடு போன்றவற்றில் உள்ளூர் விற்பனையாளரிடம் தங்குவது சிறு கமிஷன் மட்டுமே. உழைப்பு அதிகம் கலந்த தொழில்களைத் தேடுங்கள்: பழுதுபார்ப்பு, தையல், கட்டட வேலை, மரவேலை, அச்சு, முடிதிருத்தம், முதியோர் பராமரிப்பு, குழந்தைப் பராமரிப்பு, கணக்கெழுதுதல். வெளியூர் ஆலையில் செய்த பொருளை விற்கும் கடையில் நூற்றுக்கு இருபது, முப்பதுதான் கடைக்காரரிடம் நிற்கும். அதே நூறு பழுதுபார்ப்பவரிடம் போனால் பெரும்பங்கு கூலியாக ஊரில் தங்கும். இது தெரிந்தும் பெரும்பாலான இயக்கங்கள் சில்லறைக் கடைகளைச் சுற்றியே நிற்கின்றன, அவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதால். கடைவீதியில் பெயர்ப்பலகை இல்லாத பராமரிப்புத் தொழிலாளர்களும் வீட்டிலிருந்தே தைப்பவர்களும் உங்கள் பட்டியலில் முதலிலேயே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004-ல் நடந்த ஆய்வு, உள்ளூர்த் தொழில்களில் செலவழித்த ஒவ்வொரு 100 டாலரிலும் 68 டாலர் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் நின்றது என்றும், சங்கிலிக் கடைகளில் 43 டாலர்தான் நின்றது என்றும் கண்டது. உலகெங்கும் பதாகைகளில் இந்த எண்கள் வலம் வருகின்றன. அது ஒரு பகுதியின், ஒரு காலத்தின் கணக்கு. அப்படியே எடுத்துப் போட்டால் உங்கள் ஊரில் கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. சொந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அதற்கு நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பிரிட்டிஷ் ஆய்வு அமைப்பு உருவாக்கிய எல்.எம்.3 என்ற எளிய முறை இருக்கிறது. பணத்தை மூன்று சுற்று வரை மட்டும் பின்தொடர வேண்டும். ஒரு நிறுவனம் சீருடைக்கு 1,00,000 செலவழிக்கிறது என்று வைப்போம். வெளியூர் நிறுவனத்திடம் கொடுத்தால், அதன் உள்ளூர் ஊழியர்களுக்கு 18,000 வருகிறது. அவர்கள் அதில் பாதியை, 9,000-ஐ, ஊரில் செலவழிக்கிறார்கள். மூன்று சுற்றையும் கூட்டினால் 1,27,000. முதல் தொகையால் வகுத்தால் 1.27. உள்ளூர்த் தையல் கூடத்திடம் கொடுத்தால் கூலி 40,000, உள்ளூர் வாடகை 5,000, நூலும் பொத்தானும் விற்கும் உள்ளூர்க் கடைக்கு 10,000, ஆக 55,000 ஊருக்குள் வருகிறது. அதைப் பெற்றவர்கள் 60 விழுக்காட்டை ஊரிலேயே செலவழித்தால் 33,000. கூட்டினால் 1,88,000, விகிதம் 1.88.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு, உள்ளூர் முகவரி உள்ள பில்லையெல்லாம் உள்ளூர்ச் செலவாக எழுதுவது. முகவரி மொத்த வியாபாரியின் கிளையாக இருக்கும். பணம் அன்று மாலையே தலைமையகக் கணக்குக்குப் போயிருக்கும். இன்னொரு தவறு, விகிதம் உயர்ந்தால் கூலியும் நியாயமாக இருக்கிறது என்று நினைப்பது. அந்த 40,000 நான்கு பேருக்குப் போனதா, பன்னிரண்டு பேருக்குப் போனதா, எத்தனை மணி நேர வேலைக்கு என்பதைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

படி 3: தொழில் செய்பவர்களிடம் பேசுதல்

பன்னிரண்டு முதல் பதினைந்து பேரைத் தனித்தனியாகப் பாருங்கள், கூட்டம் கூட்டிக் கேட்காதீர்கள். போட்டியாளர் பக்கத்தில் இருக்கும்போது யாரும் கடனைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கடையில் கூட்டம் இல்லாத வேளையில் போய், வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த மாதத்தில் கை வறளும், விற்பனையில் பெரும்பகுதி எந்த மூன்று வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது, யார் பணம் தாமதிக்கிறார்கள், கூடுதலாக வேலை வந்தால் தாங்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆள் இல்லை, இடம் இல்லை" என்று பதில் வந்தால் அந்தத் தொழிலுக்கு விளம்பரம் செய்வது கெடுதல். முதல் முறை வந்து காத்திருந்து திரும்பிய வாடிக்கையாளர் இரண்டாம் முறை வர மாட்டார்.

படி 4: வீடுகளின் செலவைத் திருப்புதல்

எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்குவேன் என்று யாரையும் உறுதிமொழி எடுக்க வைக்காதீர்கள். மூன்று வகைச் செலவை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லி, மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு கடையின் மாத நிலைச்செலவு (விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் வாடகை, கூலி போன்றவை) 30,000, சரக்கின் அடக்கம் போக நிற்கும் லாபம் விற்பனையில் 25 விழுக்காடு என்றால், நட்டமில்லாமல் நிற்கவே 1,20,000-க்கு விற்க வேண்டும். நாற்பது வீடுகள் மாதம் 500 வீதம் திருப்பினால் விற்பனை 20,000 கூடும், கையில் நிற்பது 5,000. எப்போதாவது வரும் ஒருநாள் கூட்டத்தைவிட இந்த மாதாந்தர 5,000 பெரியது. இதை நம்பிச் சரக்கு எடுக்கலாம், பகுதிநேரமாக ஓர் ஆளை வைக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆதரவு என்ற பெயரில் தள்ளுபடி கேட்காதீர்கள். அடக்கம் 75, விலை 100 என்றால் லாபம் 25. பத்து விழுக்காடு குறைத்தால் லாபம் 15 ஆகிவிடும். பழைய லாபத்தை எட்ட எண்ணிக்கையில் ஏறக்குறைய 67 விழுக்காடு அதிகம் விற்க வேண்டும். வணிகர் சங்கங்களே "உள்ளூர் அட்டை காட்டினால் 10 விழுக்காடு தள்ளுபடி" என்று அறிவிப்பதுண்டு. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்கள்தான் அந்த அட்டையை முதலில் வாங்குவார்கள். புதிய விற்பனை இல்லாமல் பழைய லாபம் கரையும். டெலிவரி ஆப்களிலும் இதே கணக்குத்தான். 25 லாபத்தில் 20 கமிஷனாகப் போனால் மிஞ்சுவது 5. அழைத்துச் சொன்னால் எடுத்துவைக்கும் ஏற்பாடோ, நான்கைந்து கடைகள் சேர்ந்து ஓர் ஆளை வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதோ மலிவு.

வீடுகள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகள் இரண்டு. ஒன்று, கணக்கில் எழுதச் சொல்லாமல் உடனே கொடுப்பது. மற்றது, முன்பணம்: ஆறு மாதச் சேவைக்கு அல்லது ஒரு பருவத்துக்கு முன்கூட்டியே செலுத்துவது. முன்பணம் வாங்கும் தொழில்கள் அதைத் தனிக் கணக்கில் வைத்து, வேலை முடிந்த அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் முதல் மாதமே செலவழித்துவிட்டு நான்காம் மாதம் மூடிய ஒரே ஒரு கடை, ஊரில் யாருக்கும் இனி முன்பணம் கிடைக்காமல் செய்துவிடும்.

படி 5: நிறுவனங்களின் கொள்முதல்

உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போக வேண்டும். ஒரு மருத்துவமனையோ கல்லூரியோ நகராட்சியோ ஓர் ஆண்டில் வாங்குவது ஆயிரக்கணக்கான வீடுகளின் செலவுக்குச் சமமாக இருக்கலாம், அவை ஊரை விட்டு இடம்பெயர்வதும் இல்லை. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் இதைச் செய்து காட்டியது. 2011-ல் பெரிய வணிக வளாகத் திட்டம் ஒன்று சரிந்த பிறகு, நகராட்சி வெளி முதலீட்டுக்காகக் காத்திருப்பதை விட்டு, சி.எல்.இ.எஸ். என்ற ஆய்வு அமைப்போடு சேர்ந்து நகரின் பெரிய நிறுவனங்கள் எங்கே வாங்குகின்றன என்று பார்த்தது. 2012-13-ல் அவற்றின் கொள்முதலில் 5 விழுக்காடுதான் நகருக்குள் செலவானது. 2016-17-ல் அது 18.2 விழுக்காடு ஆனது. சுற்றியுள்ள லங்காஷயர் வட்டாரத்தையும் சேர்த்தால் 39-லிருந்து 79.2 விழுக்காடாக உயர்ந்தது.

செய்முறை இதுதான். நிதிப்பிரிவிடமிருந்து பன்னிரண்டு மாதக் கொடுப்பனவுப் பட்டியலைப் பெறுங்கள். தொகை வரிசையில் அடுக்கி, மேலே உள்ள 300 பேரை எடுத்தால் செலவின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். சிறிய நிறுவனமென்றால் 50 பேர் போதும். ஒவ்வொருவருக்கும் எதிரே முகவரி, உரிமையாளர் இருக்கும் ஊர், பொருள் அல்லது சேவை, ஒப்பந்தம் முடியும் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தேதி மிக முக்கியம். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று ஆண்டுக்குப் பூட்டிக் கிடக்கும் செலவைப் பற்றிப் பேசுவது வீண். அடுத்த ஒன்பது மாதத்தில் முடிபவற்றை வட்டமிட்டு, அவற்றில் உள்ளூரில் செய்ய ஆள் இருப்பவற்றை மட்டும் எடுங்கள். முதல் ஆண்டுக்கு மூன்று ஒப்பந்தங்கள் போதும்.

அடுத்து, டெண்டர் ஆவணத்தில் சிறியவர்களைத் தடுக்கும் வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் நான்கு இருக்கும். வேலையின் மதிப்பைப் போலப் பல மடங்கு ஆண்டு விற்றுமுதல் கேட்பது. தேவைக்கு மீறிய காப்பீடும் வைப்புத்தொகையும். முப்பது பொருளையும் ஒருவரே தர வேண்டும் என்பது. அறிவித்துப் பத்து நாளில் விலைப்புள்ளி கேட்பது. ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்திடம் ஒரு பழைய காரணம் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு மாற்று சொல்லுங்கள். லங்காஷயரில் பள்ளி உணவுக்கான ஒரே பெரிய ஒப்பந்தத்தைப் பால், முட்டை, பாலாடைக்கட்டி எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்ததும் உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வாங்க வழி பிறந்தது.

பிரிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. இவ்வளவு தொகைக்கு மேல் டெண்டர் விட வேண்டும் என்ற வரம்பிலிருந்து தப்பிக்க ஒரு வேலையைத் துண்டாடுவது பல நாடுகளில் விதிமீறல். எல்லாப் பகுதிகளையும் ஒரே அறிவிப்பில், ஒரே வெளிப்படையான முறையில் கேட்டால் அந்தச் சிக்கல் வராது. உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று எழுதுவதையும் பல கொள்முதல் சட்டங்கள் அனுமதிப்பதில்லை. கூலி நிலை, பயிற்சி வாய்ப்பு, அழைத்த எத்தனை மணி நேரத்தில் வந்து சரிசெய்வார்கள் என்பவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். அது யாருக்கும் பொது.

தொழில் செய்பவர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே கொள்முதல் நாட்காட்டியை ஒட்டுங்கள். விலைப்புள்ளி நிரப்பும் பயிற்சியைப் பழைய, முடிந்துபோன டெண்டர் ஒன்றை வைத்தே நடத்துங்கள். தனியாக முடியாதவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கேட்கலாம், ஆனால் யார் பெயரில் பில், ஒருவர் தவறினால் வேலையை யார் முடிப்பது, தண்டத்தொகை யாருடையது என்பவை கையெழுத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டும். இது எழுதப்படாத கூட்டுகள் முதல் தாமதத்திலேயே உடைகின்றன.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 2008-ல் தொடங்கிய எவர்கிரீன் கூட்டுறவுகள் மருத்துவமனைகளின் துணிகளை வெளுக்கும் தொழிலாளர் நிறுவனத்தை நடத்துகின்றன. கிளீவ்லாந்து கிளினிக்கின் பெரிய சலவை ஆலையை நடத்தும் ஒப்பந்தம் அவர்கள் கைக்கு 2018-ல்தான் வந்தது. பெரிய நிறுவனம் நல்லெண்ணம் காட்டினாலும் ஒப்பந்தம் கைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை தாங்கும் பணம் இல்லாமல் இயந்திரம் வாங்கக் கூடாது.

படி 6: பில் தொகை எத்தனை நாளில் வருகிறது

சிறிய தொழில்களைக் கொல்வது பல நேரம் நட்டம் அல்ல, தாமதம். மாதம் 60,000-க்கு வேலை செய்து, 60 நாள் கழித்துப் பணம் வந்தால் எப்போதும் 1,20,000 வெளியே நிற்கும். அதற்கு மாதம் 2 விழுக்காடு வட்டியில் கடன் வாங்கினால் 2,400 போகும். 15 நாளில் கொடுத்தால் வெளியே நிற்பது 30,000, வட்டி 600. விலையை ஒரு காசும் ஏற்றாமல் மாதம் 1,800 அந்தத் தொழிலிடம் தங்குகிறது.

சட்டங்கள் துணைக்கு இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு நெறிமுறை, பொது நிறுவனங்கள் பொதுவாக 30 நாளில் கொடுக்கச் சொல்கிறது. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. இருந்தும் வாடிக்கையாளரை இழக்கும் பயத்தில் சிறியவர்கள் வட்டி கேட்பதில்லை. எனவே சங்கமே கேட்க வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயர் சொல்லாமல் எல்லா உறுப்பினர்களின் நிலுவையையும் தொகுத்து, ஒவ்வொரு நிறுவனமும் சராசரியாக எத்தனை நாள் எடுக்கிறது என்று அதன் தலைமைக்கு அனுப்புங்கள். தாமதம் பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை. பொருள் வந்ததற்கான ஒப்புகையில் கையெழுத்திடுபவர் யார் என்று தெரியாமல் பில் மேசைகளில் கிடக்கும். அந்த ஒரு பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் செய்தாலே பல நாட்கள் மிச்சம்.

படி 7: சுழல்நிதி

சுழல்நிதி என்பது, அடைக்கப்பட்ட கடன்தொகையையே அடுத்தவருக்குக் கடனாகக் கொடுத்துக்கொண்டே போகும் பொது நிதி. ஊர்மக்களின் பணத்தில் 5,00,000 திரட்டினால் 75,000-ஐத் தொடாமல் ஒதுக்குங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 50,000. முதல் கடன் சிறிதாக, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு. ஒழுங்காக அடைத்தவருக்கு அடுத்தது இரண்டு மடங்கு வரை. கருவி வாங்கவும், கையில் உறுதியான ஆர்டர் இருக்கும்போது மூலப்பொருள் எடுக்கவும் கொடுக்கலாம். பழைய கடனை அடைக்கக் கொடுக்காதீர்கள். மிகப் பாதுகாப்பானது ஆர்டரை வைத்துக் கொடுப்பது: நிறுவனம் பில் தொகையை நிதியின் கணக்குக்கே செலுத்தும், நிதி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அன்றே தொழிலுக்கு அனுப்பும். பொதுமக்களிடம் வைப்பாகவோ பங்காகவோ பணம் வாங்குவதற்குக் கூட்டுறவு அல்லது நிதிச்சட்டப் பதிவு தேவைப்படும். அதை முடிக்காமல் ஒரு ரசீதும் எழுதாதீர்கள். கடன் முடிவெடுக்கும் ஐவரில் இருவராவது வணிகம் செய்யாதவர்களாக இருக்கட்டும், உறவினர் விண்ணப்பம் வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேறட்டும்.

மூழ்கிக்கொண்டிருக்கும் கடையைக் கடனால் காப்பாற்ற முயல்வதுதான் இந்த நிதிகள் கவிழ்வதற்குப் பொதுவான காரணம். மனசு கேட்காது, புரிகிறது. ஆனால் வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் கடன் கொடுத்தால் உரிமையாளரின் கடைசிச் சேமிப்பும் சேர்ந்து போகும். அவருக்கு உண்மையான உதவி, கணக்கோடு உட்கார்ந்து கௌரவமாக மூட வழி காட்டுவது.

வாடகையும் பங்கீடும்

தெரு செழித்தால் வாடகை ஏறும். ஏறிய வாடகை நிலத்தின் உரிமையாளருக்குப் போகும். அவர் வெளியூரில் இருந்தால் இவ்வளவு பாடும் கசிவாகவே முடியும். ஆகவே விற்பனை கூடுவதற்கு முன்பே, வியாபாரம் மந்தமாக இருக்கும்போதே, ஐந்தாண்டு ஒப்பந்தமும் ஆண்டு ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பும் பேசி முடியுங்கள். பத்துக் கடைகள் சேர்ந்து பேசினால் பேச்சுக்கு எடை கூடும். நீண்டகால வழி நிலத்தையே பொதுவில் வைப்பது. சமூக நில அறக்கட்டளை என்ற அமைப்பு 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கியது. நிலம் அறக்கட்டளையிடம், மேலே உள்ள பயன்பாட்டு உரிமை குத்தகைக்கு. இப்போது பல ஊர்களில் கடைகளுக்கும் இதே முறை உண்டு.

தாங்கும் ஊருக்குத் தொழில்களும் கைம்மாறு தர வேண்டும். எழுத்தில் கூலி, தங்களுக்குச் சரக்குத் தரும் சிறியவர்களுக்கு 15 நாளில் பணம், தட்டுப்பாட்டுக் காலத்தில் விலையேற்றத்துக்கு வரம்பு, ஆண்டுக்கு ஒருமுறை கொள்முதல் எங்கே என்ற கணக்கு: இந்த நான்கும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் அடங்கும். ஸ்பெயினில் 1956-ல் பிறந்த மொண்ட்ராகன் கூட்டுறவுகளில் மிக அதிகச் சம்பளத்துக்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள விகிதத்தை உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கடை, லாபத்தை முதலீட்டின் அளவில் பிரிக்காமல் வாங்கியவர்களுக்கு அவர்கள் வாங்கிய அளவில் திருப்பிக் கொடுத்தது. உங்கள் சங்கத்தில் உறுப்பினர் சந்தா விற்பனை அளவைப் பொறுத்ததாகவும், வாக்கு ஆளுக்கு ஒன்றாகவும் இருக்கட்டும். கூட்டம் எந்நேரம் என்பதையும் பாருங்கள்: கடை மூடிய பிறகு, இரவில் வைத்தால் பெண்களும் தனியாளாகத் தொழில் நடத்துபவர்களும் வர மாட்டார்கள்.

உள்ளூர் நாணயம் வேண்டுமா?

ஊருக்குள் மட்டும் செல்லும் தனி நோட்டு பார்க்க அழகானது, பராமரிக்கக் கடினமானது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பவுண்டு 2012-ல் பெரிய வரவேற்போடு தொடங்கியது. அதன் நோட்டுகள் 2021-ல் செல்லாமலாகின. இத்தகைய நோட்டுகளில் வாடிக்கையாளர் எளிதாகச் செலவழிப்பார், ஆனால் கடைக்காரருக்குச் சரக்குத் தருபவர் வாங்க மாட்டார். நோட்டுகள் கல்லாவில் தேங்கும். தொழில்களுக்கு இடையிலான கடன்மாற்று முறைகள் அதிகம் நிலைத்திருக்கின்றன: சுவிட்சர்லாந்தின் டபிள்யூ.ஐ.ஆர். 1934 முதல் நடக்கிறது, இத்தாலியின் சார்டினியா தீவில் சார்டெக்ஸ் அதே வழியில் வந்தது. அச்சகமும் தச்சரும் கணக்கெழுதுபவரும் ஒருவருக்கொருவர் வேலை செய்து புத்தகத்தில் வரவு வைத்துக்கொள்வார்கள். இதற்கும் குறைந்தது ஐம்பது, அறுபது வெவ்வேறு தொழில்கள் வேண்டும், ஒவ்வொருவருக்கும் கடன் உச்சவரம்பு வேண்டும். முதல் ஆண்டில் தொடாதீர்கள்.

ஓராண்டில் எதை அளப்பது

ஐந்து எண்கள் போதும்: தேர்ந்தெடுத்த வகைகளில் வீடுகள் திருப்பிய மாதச் செலவு, நிறுவனங்களின் கொள்முதலில் உள்ளூர்ப் பங்கு, பில் வர எடுக்கும் சராசரி நாட்கள், உறுப்பினர் தொழில்களில் மிகக் குறைந்த மணிநேரக் கூலி, மூடிய தொழில்களும் தொடங்கியவையும். நாற்பது வீடுகளின் நோட்டை அதே மாதத்தில் மறுபடியும் எழுதச் செய்யுங்கள். வேறு மாதமென்றால் ஒப்பிட முடியாது. முகநூல் பக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை எழுதாதீர்கள். ஓர் எண் அசையவில்லையென்றால் அந்தப் படியில் ஒரு வேலையை நிறுத்திவிட்டு வேறொன்றை முயலுங்கள், எல்லாவற்றையும் தொடர ஆள் போதாது.

உரிமையாளர் ஓய்வு பெறும்போது

நன்றாக ஓடும் தொழில்களும், எடுத்து நடத்த ஆள் இல்லாமல் மூடுகின்றன. ஐம்பத்தைந்தைத் தாண்டிய உரிமையாளர்களின் பட்டியலைத் தனியாக வைத்து, ஐந்தாண்டு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். பிள்ளைகள் வேண்டாமென்றால் வேலை செய்பவர்களே வாங்கலாம். இத்தாலியில் 1985-ல் வந்த மார்கோரா சட்டம் மூடும் தொழிற்சாலைகளைத் தொழிலாளர்கள் கூட்டுறவாக எடுத்து நடத்த நிதிவழி செய்தது. பிரிட்டன் 2014-ல், ஊழியர்களுக்காகத் தொழிலின் பங்குகளை வைத்திருக்கும் ஊழியர் உரிமை அறக்கட்டளைகளுக்கு வரிச்சலுகை கொடுத்தது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் தவணை முறை உண்டு: விலையைப் பொதுவான ஒரு கணக்காளர் மதிப்பிட, தொழிலின் லாபத்திலிருந்தே ஐந்து முதல் ஏழு ஆண்டில் உரிமையாளருக்குக் கொடுத்து முடிப்பார்கள். மாதத் தவணை சராசரி மாத லாபத்தில் பாதியைத் தாண்டினால் ஒரே ஒரு மந்தமான பருவம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும், அதனால் காலத்தை நீட்டுங்கள். வாங்குபவர்களில் இருவராவது முதல் ஆண்டிலேயே கணக்கும் கொள்முதலும் பழக வேண்டும், ஏனென்றால் வேலை தெரிந்த பலருக்குச் சரக்கு எங்கே, என்ன தவணையில் வருகிறது என்பது தெரிந்திருக்காது. விலை பேசுவதற்கு முன் உரிமையாளர் ஒரு மாதம் கடைப்பக்கம் வராமல் இருந்து பார்க்கட்டும். அந்த மாதத்தில் எந்தெந்த வேலை நின்றது என்று எழுதிவைத்து, அந்தப் பட்டியலிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள்.